மேசை மேல் வேர்க்கடலை

யெலபுன், 12 நவம்பர் 1992

என் அண்ணன் இஸுஃபுவுக்கு,

சலமாத்தா எழுதுறேன். உடம்பு எப்படி இருக்கு? தூக்கம் வருதா? அந்தக் குதுகு தூசியில உன் இருமல் குறைஞ்சுதா, கூடிச்சா? முதல்ல அதைச் சொல்லு, மத்ததெல்லாம் அப்புறம். நான் நல்லா இருக்கேன். அம்மாவும் நல்லா இருக்காங்கன்னு நம்ம ஊர் கராங்கோவிலிருந்து வந்த ஒருத்தர் சொன்னார். சாப்பாடுதான் சரியா இறங்கலையாம்.

ஆக, உன் தங்கச்சி டீச்சராயிட்டா! லேயோவிலிருந்து ஆடுகளோட ஆடா வேன் கூரைக்குக் கீழே நசுங்கி வந்து சேர்ந்தேன். நாலாம் வகுப்பைக் கொடுத்திருக்காங்க. ஒரு பெஞ்சுல உட்கார வேண்டியதைவிட ரெண்டு மடங்கு பிள்ளைங்க. சுத்தி எங்கே பார்த்தாலும் குருன்ஸி இனத்து ஆளுங்க. நான் ஒருத்திதான் பிஸ்ஸா. பாட்டன் காலத்துலேர்ந்து ரெண்டு இனமும் ஒண்ணையொண்ணு அடிமைன்னு சீண்டுற கேலிமுறை வேற. உனக்குப் புரியுமே, என் கதி என்னன்னு.

முதல் நாள் உள்ளே நுழைஞ்சு பேரைச் சொன்னேன். "லெங்கானி"ன்னு வாய் மூடல, பிஸ்ஸாப் பேர்னு பின்பக்கம் ஒரு சிரிப்பு. அஜாரா பெனாவோன்னு ஒரு குட்டி, முன்பல் விழுந்தவ, எழுந்து நேரா வந்தா. மேசை மேல ஒரே ஒரு வேர்க்கடலையை வச்சா. "நம்ம அடிமை வந்தாச்சு. பிஸ்ஸாவாச்சே, கடலைன்னா உயிரை விடும். வழியெல்லாம் பசியோட வந்திருக்கும், பாவம், திங்கட்டும்"னு கிளாஸைப் பார்த்துச் சொல்றா!

நான் என்ன பண்ணுவேன்? உடைச்சுத் தின்னேன். "நாய் திங்கிற கூட்டத்துக்கு நான் அடிமையா? அதுவும் ஒத்தைக் கடலைக்கு? விலையைக் கூட்டுங்கடி"ன்னேன். அண்ணே, ஓடு எகிறிடும்போல ஒரு சிரிப்பு! எனக்கு இருந்த பயமெல்லாம் அதோட போச்சு. ஆனா ஜன்னல்ல ஹெட்மாஸ்டர் ஸுங்ரானா நின்னு முறைச்சுக்கிட்டு இருந்தார். மார்ச்சுக்குள்ள இன்ஸ்பெக்டர் வந்து என் பாடத்தைப் பார்ப்பாராம். அவர் சரின்னாதான் வேலை நிரந்தரம்.

நீ பெரிய வாத்தியார், தத்துவம் சொல்லிக்கொடுக்கிற ஆள். எனக்கு புத்தி சொல்லு. கேலிமுறைக்காரங்களுக்குப் பாடம் எடுக்கிறது எப்படி?

இன்னொண்ணு. அப்பாவை அடக்கம் பண்ணின மறுநாள் வந்த, நின்னுக்கிட்டே டீ குடிச்ச, அடுத்த பஸ்ஸுக்குப் போயிட்ட. தந்தி எப்போ கைக்கு வந்ததுன்னுகூட நீ சொல்லல. அம்மா கேட்கச் சொன்னாங்கன்னு நினைச்சுக்காத. நானாத்தான் கேட்கிறேன்.

உன் கையைப் பிடிச்சுக்கிட்டு,
சலமாத்தா


குதுகு, 24 நவம்பர் 1992

அன்புத் தங்கை சலமாத்தாவுக்கு,

இறைவன் அருளால் சுகம். இருமல் பழைய அளவுதான். உன் கடிதம் வந்ததும் மனம் நிறைந்தது. நம் வீட்டில் இன்னொரு ஆசிரியர். அப்பா இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார். கொசுவலை கட்டாமல் படுக்காதே. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி.

கேட்டாய், சொல்கிறேன். ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே ஒரு மேசை இருக்கிறது. அதை அரசாங்கம் சாக்பீஸ் வைப்பதற்கு மட்டும் போடவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் தெரிந்தவன், அந்தப் பக்கம் தெரிந்துகொள்ள வந்தவன். அந்த இடைவெளி இருந்தால்தான் அறிவு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும். சந்தையில், கல்யாணத்தில், பஸ்ஸில் கேலிமுறை இருக்கட்டும், நம் நாட்டின் அழகே அதுதான். வகுப்பு வாசலில் அதைச் செருப்போடு கழற்றி விடவேண்டும்.

வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. கராங்கோவிலிருந்து திரும்பியதும் என் இறுதியாண்டு வகுப்பிலும் இதுவே நடந்தது. எவரிஸ்த் பாயலா என்று ஒரு பையன், ரேயோ பக்கத்துக் குருன்ஸி. எழுந்து வந்து என் மேசையில் இரண்டு கை நிறைய வேர்க்கடலையைக் கொட்டினான். "அடிமை, சாப்பிடு" என்றான், அறுபது பேருக்கு முன்னால். நான் கையால் எல்லாவற்றையும் தரையில் தள்ளிவிட்டேன். "வெளியே போ, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்றேன். போய்விட்டான். அன்றிலிருந்து என் வகுப்பில் அமைதி. அடுத்த வகுப்பில் பேனா விழுந்தால் இங்கே கேட்கிறது. நீயும் முதலிலேயே இறுக்கிப் பிடி, பிறகு இளக்கலாம்.

அம்மாவுக்கு ஒரு துணி வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது போனால் அனுப்புவேன்.

ஆசீர்வாதங்களுடன்,
இஸுஃபு


யெலபுன், 6 டிசம்பர் 1992

அண்ணே,

நல்லா இருக்கியா? இங்கே காலையில குளிர் ஆரம்பிச்சாச்சு. பிள்ளைங்க அக்குள்ல கையைச் சொருகிக்கிட்டு வருதுங்க, நானும்தான். உன் கடிதத்தை வேன் டிரைவர் ஒரு வாரம் பாக்கெட்டிலேயே வச்சிருந்து கொடுத்தான், கடவுள் அவனைப் பார்த்துக்கட்டும்.

நீ சொன்னபடி இறுக்கிப் பிடிச்சேன். சத்தியமா! ஒரு நாள் முழுக்க முகத்தை உம்முன்னு வச்சுக்கிட்டேன். அஜாரா பக்கத்துல வந்து, "டீச்சர், வயிறு வலிக்குதா?"ன்னு கேட்டா. அதோட முடிஞ்சது.

ஆனா நடந்த ஒண்ணைக் கேளு. போர்டுல வகுத்தல் கணக்கு. எண்பத்து நாலை ஆறால வகுக்கணும். நான் பதிமூணுன்னு எழுதிட்டு, பெரிய இவளாட்டம் திரும்பி நிக்கிறேன். அஜாரா கையைத் தூக்கி, "ஒண்ணு காணோமே, கடலைன்னு நினைச்சு முழுங்கிட்டியா?"ங்கிறா! எல்லாரும் விரலை விட்டு எண்ண ஆரம்பிச்சாங்க, எனக்கு எதிரா சாட்சி தேடி. கடைசி பெஞ்சுல தூங்கிக்கிட்டே இருக்கிறவன்கூட வகுத்துப் பார்த்தான். அன்னைக்கு அந்தக் கிளாஸுக்கு வகுத்தல் வந்துடுச்சு. நான் சரியா போட்டிருந்தா வந்திருக்குமா? தெரியல.

அடுத்த வாரம் அதே தப்பு ஹெட்மாஸ்டர் கிளாஸ்ல. அவர் தப்பா போட்டதை எல்லாப் பிள்ளைங்களும் அப்படியே எழுதி வச்சிருக்கு, அழகான கையெழுத்துல. ஒண்ணுகூட வாயைத் திறக்கல. இந்த ஸுங்ரானா மோஸி ஆள் இல்லையா? சந்தையன்னைக்கு அவர் இனத்துக்குக் கேலிமுறையான சாமோக்கார நர்ஸைப் பார்த்தா போதும், "என் அடிமை, நாய்த்தலை எங்கேடா"ன்னு ரோட்டுல நின்னு கட்டிப்புரள்றார். பள்ளிக்கூட வாசலுக்கு வந்ததும் சுவரைப் பார்த்த மாதிரி முகம். "இன்ஸ்பெக்டர் வர்றப்போ இந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டா உன் வேலை போச்சு, மேடம்"னு சொல்லிட்டார். பயமாத்தான் இருக்கு.

அண்ணே, உன் அமைதியைப் பத்தி எழுதினியே. என்கிட்ட அஜாராவுக்குப் பயம் இல்ல, அதனால "தெரியல"ன்னு முதல்ல சொல்றதும் அவதான். உன் அறுபது பேர்ல "எனக்குப் புரியல சார்"னு கடைசியா எப்போ, யார் சொன்னாங்க?

அந்தப் பையன் வந்தானா?

சலமாத்தா


குதுகு, 20 டிசம்பர் 1992

அன்புத் தங்கைக்கு,

சுகம். உனக்கு ஒரு கம்பளிச் சட்டையும் ஒரு பெட்டி சாக்பீஸும் அனுப்பியிருக்கிறேன். சட்டை கொஞ்சம் பெரிது. உள்ளே இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

உன் வகுத்தல் கணக்கைப் படித்துச் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை வைத்து ஒரு கொள்கையைக் கட்டாதே. யோசித்துப் பார். கற்கும் ஒருவன் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது என்ன? "எனக்குத் தெரியாது" என்பதை. கேலிமுறைக்காரன் அதை ஒப்புக்கொள்வதில்லை. அவன் உன்னோடு சரிசமமாக நிற்கிறான், சில சமயம் ஒரு படி மேலே. அவனுக்கு எதைக் கற்றுத்தர முடியும்? நான் இருபது வயதில் என் ஆசிரியர்களுக்கு முன்னால் உட்காரவே தயங்குவேன். அந்தத் தயக்கம்தான் என்னை ராத்திரி விழித்துப் படிக்க வைத்தது. அன்பு வேறு, கற்பித்தல் வேறு. அன்பை அம்மா கொடுக்கிறாள், பள்ளிக்கூடம் கொடுக்கவேண்டியது அதுவல்ல.

இப்படிச் சொன்னால் நீ கோபப்படுவாய் என்று தெரியும். சின்ன வயதில் கோபம் வந்தால் தானியக் குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாய். அப்பா ஒரு பிடி கடலை கொண்டுவந்து நீட்டினால்தான் வெளியே வருவாய்.

இங்கே பருவத்தேர்வு முடிந்தது. மதிப்பெண்கள் குறைந்திருக்கின்றன, எல்லோருக்கும். காரணம் தெரியவில்லை.

பாயலா வரவில்லை. பள்ளியிறுதி பாக் தேர்வுக்குப் பெயர் பதியும் கடைசி நாள் ஜனவரி முடிவு. அதற்குள் வராவிட்டால் ஒரு வருடம் போய்விடும். அது அவன் பாடு.

இஸுஃபு


யெலபுன், 3 ஜனவரி 1993

என் அண்ணனுக்கு,

புது வருஷம் உனக்கு உடம்பையும் மனசையும் நல்லா வைக்கட்டும். சட்டை வந்தது. அதுக்குள்ள நான், அஜாரா, அவ தம்பி மூணு பேரும் நுழையலாம்.

கோபமில்ல, குதிருக்குப் பின்னாலயும் இல்ல. உன் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். முதல்ல ஒண்ணு எனக்கு உறைக்கல, இப்போ உறைச்சது. "கராங்கோவிலிருந்து திரும்பியதும்"னு எழுதியிருக்க. அப்பா செத்து நீ கிளாஸுக்குத் திரும்பின நாள்லதானே அந்தப் பையன் கடலையைக் கொண்டுவந்தான்?

அண்ணே, அவன் உன்னைக் கேலி பண்ணல. துக்கம் விசாரிச்சான்!

உனக்குத் தெரியாததா? சாவு வீட்டுக்குக் கேலிமுறைக்காரன் வந்தா "வருந்துகிறேன்"னா சொல்வான்? வாசல்லயே, "யாரைக் கேட்டு அடிமை செத்தான்"னு கத்துவான். அழுதுகிட்டு இருக்கிறவங்க சிரிக்கணும், சிரிச்சு முடிச்சா அழுகை தானா இறங்கும். அதுக்குத்தானே அவங்க இருக்காங்க. நம்ம வீட்டுக்கும் ஒரு குருன்ஸி வந்தார், தபாலாபீஸ் நாப்போன். உனக்குத் தந்தி அடிச்சவரும் அவர்தான். அடிச்சு முடிச்சு, ஆபீஸைப் பூட்டிட்டு நேரா வந்தார். அவர் செய்த கூத்தை நீ பார்க்கல. நீ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அதை நீயா கேட்டா எழுதுவேன், கேட்காம எழுத மாட்டேன்.

எல்லாரும் சிரிச்சு அழுதோம், அண்ணே. நீ ஒருத்தன்தான் பாக்கி. உனக்கு வர வேண்டிய பங்கை அந்தப் பையன் ரெண்டு கையில அள்ளிக்கிட்டு வந்தான், நீ கீழே தள்ளிட்ட.

போ. போய்க் கூப்பிடு அவனை. ஜனவரி முடியறதுக்குள்ள.

உன் தங்கச்சி


குதுகு, 10 ஜனவரி 1993

சலமாத்தா,

நான் சுகம். நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ எழுதிய விஷயம் முடிந்துவிட்டது. ஓர் ஆசிரியர் மாணவனின் வீட்டு வாசலில் போய் நிற்பது வழக்கமில்லை. நின்றால் மறுநாள் மேசைக்குப் பின்னால் நிற்க முடியாது. இதைப் பற்றி இனி எழுதவேண்டாம்.

பாயலாவின் தகப்பனார் ஐவரி கோஸ்டில் கொக்கோ தோட்டத்தில் வேலை செய்கிறாராம். பல வருடங்களாக வரவில்லையாம். அவன் சிற்றப்பாவின் வெங்காயப் பாத்தியில் வேலை பார்க்கிறான் என்று பியூன் சொன்னார். "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று சொன்னபோது எனக்கு அது தெரியாது. அவனும் சொல்லவில்லை. நான் கேட்டிருக்கலாம்.

இஸுஃபு


யெலபுன், 16 ஜனவரி 1993

எங்க அடிமை இஸுஃபுவுக்கு, எசமானர்கள் நாலாம் வகுப்பு எழுதிக்கொள்வது.

நாங்க நல்லா இருக்கோம். நீ எப்படி இருந்தாலும் எங்களுக்குக் கவலையில்ல. இருமலுக்கு மட்டும் மருந்து குடி, செத்துப் போனா எங்களுக்கு வேலை செய்ய ஆள் இல்ல.

உன் தங்கச்சியை நாங்கதான் படிக்க வைக்கிறோம். கொஞ்சம் மந்தம். வகுத்தல் இப்போ பரவாயில்ல. அவ அன்னைக்கு அழுதா. கண்ணுல தூசின்னு சொன்னா, நாங்க நம்பல. விடாம கேட்டோம், சொல்லிட்டா. அதனால மாமரத்தடியில உட்கார்ந்து உன் வழக்கை விசாரிச்சோம்.

ஒரு பிஸ்ஸாக்காரன் முன்னாடி ரெண்டு கை வேர்க்கடலையைக் கொட்டினா, அவன் அதைக் கீழே தள்ளினானாம்! இதைக் கேட்டதும் யாரும் நம்பல. எங்க தாத்தா சொல்றார், உலகம் அழியப் போகுது, அதுக்கு இது அடையாளம்னு. உனக்கு நிஜமாவே உடம்பு சரியில்ல.

நீ துரத்தினது எங்க அண்ணனை. ரேயோக்காரன்னாலும் அவன் குருன்ஸி, எங்க ஆள். அதனால தீர்ப்பு சொல்றோம். நல்லா கேட்டுக்கோ.

நீ அவன் இருக்கிற இடத்துக்குப் போகணும். மொபெட்ல போனா கடைசியில இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகணும். கழுத்துல கட்டுற அந்தத் துணியைக் கட்டிக்கிட்டுப் போகணும். இந்தப் பொட்டலத்துல இருக்கிற கடலையை அவன் முன்னாடி வைக்கணும். ஒவ்வொருத்தரும் ஒண்ணு போட்டிருக்கோம். வழியில தின்னுடாத, எண்ணி வச்சிருக்கோம். வச்சிட்டு, "எசமான், அடிமை வந்திருக்கேன், வேலை கொடு"ன்னு சொல்லணும். அவன் என்ன சொன்னாலும் செய்யணும்.

மாட்டேன்னு சொல்ல உனக்கு உரிமையில்ல. கேலிமுறையில மறுப்பு கிடையாது. நீ பெரிய வாத்தியார்னா உனக்கே தெரியும்.

ஒரு கேள்வியும் இருக்கு. தத்துவம்னா கேள்வி கேட்கிறதுன்னு டீச்சர் சொன்னா. கேள்வி கேட்கிறதைச் சொல்லிக்கொடுக்கிற உன் கிளாஸ்ல சத்தமே கேட்காதாமே? அப்போ அங்கே என்னதான் பண்றீங்க?

கையெழுத்து: அஜாரா பெனாவோ. மத்தவங்க விரல்ல மை தொட்டு வச்சிருக்காங்க, கெஸோ மட்டும் மூக்கால வச்சிருக்கான்.


யெலபுன், 29 ஜனவரி 1993

அண்ணே,

எப்படி இருக்க? பொட்டலம் கிடைச்சதா? பிள்ளைங்க தினமும் வேன் சத்தம் கேட்டா ரோட்டுக்கு ஓடுதுங்க. "அடிமைகிட்டயிருந்து கடிதம் வந்ததா?" நான் இல்லன்னு தலையாட்டுறேன். அஜாரா நேத்து என் பக்கத்துல வந்து, "நாங்க ரொம்பப் பேசிட்டோமா டீச்சர்?"னு கேட்டா. அவ அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்ல.

அவங்க எழுதினதை நான் திருத்தல, ஒரு வார்த்தையும் எடுக்கல. தப்புன்னா என்னைத் திட்டு. பதிலே போடாம மட்டும் இருந்துடாத. அப்பா போனதுக்கப்புறம் நீயும் பேசாம போயிட்டா நான் யார்கிட்ட வம்பு பண்ணுவேன்?

மாசம் முடியப் போகுது.

சலமாத்தா


குதுகு, 4 பிப்ரவரி 1993

என் சலமாத்தாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். இந்த முறை நிஜமாகவே. முதுகு மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது, காரணம் கீழே.

உன் நாலாம் வகுப்பின் தீர்ப்பு மேசையில் பல நாள் கிடந்தது. முதலில் உன் மேல் ஆத்திரம். பிறகு அந்த மூக்கு அடையாளத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பூட்டிய பிறகும், "அப்போ அங்கே என்னதான் பண்றீங்க?" என்ற கேள்வி வெளியேதான் இருந்தது. வகுப்பில் நின்று அதையே என்னைக் கேட்டுக்கொண்டேன். அமைதி, அமைதி என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே, உண்மையைச் சொல்கிறேன். பாயலா போன நாளிலிருந்து அந்த வகுப்பில் ஒரு கைகூட உயரவில்லை. நான் பேசுவேன், அவர்கள் எழுதுவார்கள், மணி அடிக்கும். உன் ஹெட்மாஸ்டரின் பிள்ளைகளைப் போல, அழகான கையெழுத்தில்.

பெயர்ப்பதிவு முடியும் நாளுக்கு முந்தின நாள் விடியலில் கிளம்பினேன். கேலிமுறையில் மறுப்பு கிடையாது. டை கட்டிக்கொண்டேன். ரேயோ தாண்டியதும் மொபெட்டை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். உன் எசமானர்களிடம் சொல்.

வெங்காயப் பாத்தி பள்ளத்தில் இருக்கிறது. அவன் சுரைக்குடுவையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து நிமிர்ந்தான். பொட்டலத்தை வரப்பில் பிரித்து வைத்தேன். டையைச் சரிசெய்துகொண்டேன். சொன்னேன்: "எசமான், அடிமை வந்திருக்கேன். வேலை கொடு."

அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. "இவ்வளவு நாள் எங்கே போயிருந்தே? வெங்காயமெல்லாம் காயுது. பிடி" என்று குடுவையை நீட்டினான்.

வெயில் உச்சிக்கு வரும்வரை ஊற்றினேன், சலமாத்தா. பள்ளத்தில் இறங்கி மொண்டு, ஏறி, குனிந்து ஊற்றி. அவன் சிற்றப்பா வந்து பார்த்துவிட்டு, "பிஸ்ஸாவா? வாத்தியாரா? கடலைக்கா வேலை செய்யுது? அப்போ மலிவுதான்" என்று போனார். பெண்கள் வந்து பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

பிறகு வரப்பில் உட்கார்ந்து களி சாப்பிட்டோம். அப்போதுதான் குரலை மாற்றினான். "சார், தந்தி வந்தப்போ நாங்க அங்கேதான் இருந்தோம்" என்றான்.

நீ முதல் கடிதத்திலேயே கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. தந்தி காலையிலேயே வந்துவிட்டது. தேர்வு நடந்துகொண்டிருந்தது. பியூன் கொண்டுவந்தார், படித்தேன், மடித்துப் பையில் வைத்தேன். தேர்வு முடியும்வரை மேசைக்குப் பின்னால் நின்றேன், அதற்குள் காலை பஸ் போய்விட்டது. ஆசிரியர் பாதியில் போகக்கூடாது என்று நினைத்தேன். யாரும் கவனிக்கவில்லை என்றும் நினைத்தேன்.

"நீங்க அதைப் படிச்சிட்டு, 'இன்னும் கால் மணி நேரம் இருக்கு'ன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் யாராலயும் எழுத முடியல சார். பியூன்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம். நீங்க திரும்பி வர்றீங்கன்னதும் என்ன சொல்றதுன்னு கிளாஸே கூடிப் பேசிச்சு. மோஸிப் பசங்க சொல்ல முடியாது, அவங்களுக்கு உங்ககிட்ட உரிமையில்ல. பொண்ணுங்க பயந்தாங்க. உரிமையுள்ளவன் நான் ஒருத்தன்தான், குருன்ஸி. அதனால என்னை அனுப்பினாங்க. அந்தக் கடலை என்னுது இல்ல சார். ஒவ்வொருத்தரும் வீட்டிலிருந்து கொண்டுவந்தாங்க."

அறுபது பேரும் கொண்டுவந்ததை நான் தரையில் தள்ளியிருக்கிறேன். நான் வெளியே போன பிறகு அவர்கள் குனிந்து பொறுக்கியிருப்பார்கள்.

பிறகு அவன், "உங்க அப்பா எப்படிப்பட்டவர் சார்?" என்று கேட்டான். அவ்வளவுதான். வெங்காயப் பாத்தி நடுவே, டை கட்டிக்கொண்டு, வாயில் களியோடு, அம்மாவைக் கூப்பிட்டு அழுகிற குழந்தையைப் போல அழுதேன். அவன் தடுக்கவில்லை. ஒவ்வொரு கடலையாக உடைத்து என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தான். "அழுதுகிட்டே தின்கிற பிஸ்ஸாவை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றான்.

மொபெட்டின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தேன். பெயரைப் பதிந்துவிட்டோம். திங்கட்கிழமை வகுப்பில் அவன் தன் இடத்தில் உட்கார்ந்தான். நான் பாடத்தைத் தொடங்கினேன். பாதியில் ஒரு கை. ஒவேத்தா என்ற மோஸிப் பெண், வருடம் முழுதும் வாய் திறக்காதவள். "சார், நீங்க போன வாரம் சொன்னது தப்புன்னு எனக்குத் தோணுது" என்றாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

மேசை அங்கேயேதான் இருக்கிறது. இன்னும் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், அதில் வாதத்துக்கு வராதே. ஆனால் அதன் மேல் எதையாவது வைக்க அவர்களுக்கும் உரிமை உண்டு.

நீயாகக் கேட்டால் எழுதுகிறேன் என்றாயே. கேட்கிறேன். நாப்போன் அன்று என்ன செய்தார்? ஒன்றும் விடாமல் எழுது.

உன் அண்ணன்,
இஸுஃபு


யெலபுன், 15 பிப்ரவரி 1993

என் தங்கமான அண்ணனுக்கு,

நான் நல்லா இருக்கேன், முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

உன் கடிதத்தைக் கிளாஸ்ல படிச்சேன். மொபெட்டைத் தள்ளின இடத்துல ஒரே கைதட்டல். அழுத இடத்துல கெஸோ மூக்கை உறிஞ்சினான். அப்புறம் அஜாரா, "நல்ல அடிமை. இனிமே அவனை நாம அதிகம் வேலை வாங்க வேண்டாம்"னு தீர்ப்பைத் திருத்தினா.

இன்ஸ்பெக்டரும் வந்துட்டுப் போயிட்டார். நான் பதட்டத்துல தேதியையே தப்பா எழுதிட்டேன், பிள்ளைங்க விடுவாங்களா? ஹெட்மாஸ்டர் நெத்தியைப் பிடிச்சுக்கிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவும் இல்ல, முறைக்கவும் இல்ல. "சத்தம் அதிகம். கேள்விகள் நன்று"ன்னு எழுதிட்டுப் போனார். வேலை நிரந்தரம், அண்ணே!

இப்போ நாப்போன் கதை.

அப்பாவைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில சுத்தி, வாசலுக்குக் கொண்டுவந்தாச்சு. அம்மா கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாங்க, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. அப்போ நாப்போன் தபாலாபீஸ் சட்டையோட உள்ளே வந்தார். ஆணியில மாட்டியிருந்த அப்பா குல்லாயை எடுத்துத் தன் தலையில வச்சுக்கிட்டார். நேரா போய் அப்பாவுக்குப் பக்கத்துல, பாய்ல, கையை நீட்டி மல்லாக்கப் படுத்துட்டார். அப்பா மாதிரியே தொண்டையைக் கனைச்சு, அப்பா குரல்லயே கேட்டார்:

"என் பெரியவன் வந்தாச்சா?"

அவரே மறுபடியும்: "வரலையா? பள்ளிக்கூடத்துல இருக்கானா? பரீட்சையா?"

யாரோ ஒருத்தர், "ஆமா"ன்னு சொன்னாங்க.

"அப்போ சரி. பசங்க எழுதி முடிக்கட்டும். யாரும் அவனை அவசரப்படுத்தாதீங்க. எனக்கென்ன வேலை இருக்கு இனிமே, நான் காத்திருக்கேன்."

சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டார். எழுந்திருக்கவே இல்ல. தூக்க வந்தவங்க ரெண்டு பிணத்தை எப்படித் தூக்குறதுன்னு தெரியாம நின்னாங்க. மொதல்ல ஒருத்தர் சிரிச்சார், அப்புறம் ஊரே. அம்மா எழுந்து உள்ளே போய், அந்த வாரம் பறிச்ச பச்சைக்கடலையை முந்தானை நிறைய அள்ளிக்கிட்டு வந்து அவர் வயித்து மேல கொட்டினாங்க. "எழுந்திரு, நாய் தின்னி. என் பிள்ளை அவன் பிள்ளைங்களோட இருக்கான். அவரை விடு, போகட்டும்"னாங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. சொல்லி முடிக்கிறதுக்குள்ள அழ ஆரம்பிச்சுட்டாங்க.

நீ மறுநாள் வந்து நின்னப்போ, வாசல்ல ஓடு சிதறிக் கிடந்ததே. அது அந்தக் கடலையோட ஓடுதான்.

பெருநாளுக்கு வீட்டுக்கு வா. அம்மா இப்போ சாப்பிடுறாங்களாம்.

உன் சலமாத்தா